ஹட்டன் அறைக்கு அனுசரணை வந்திருக்கிறது: கையெழுத்துப் போடலாமா?

மல்லியப்பு, ஹட்டன்:

வணக்கம். இந்த மாதம் முடிவதற்குள் வீடியோ விளையாட்டு அணி நடத்தும் ஓர் அமைப்புக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் இதைப் பேச ஆளில்லை, கடையில் பேச நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். முழுவதையும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

டன்பார் மைதானத்துப் பக்கம் எனக்குக் கைத்தொலைபேசி திருத்தும் கடை இருக்கிறது. கடைக்கு மேலே ஓர் அறை. 2019இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே டெக்கென் 7 என்ற, இருவர் மோதும் சண்டை வீடியோ விளையாட்டை விளையாடுகிறோம். காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் மாலை நான்கு மணிக்கு மூடிவிடுவேன். அதற்கு மேல் வைத்திருந்தால் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைத் தோட்டம் வரைக்கும் இருட்டில் நடக்க வேண்டும். சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், டிசம்பர் பௌர்ணமிப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும், பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அந்த மாதங்களில் மூன்று மணிக்கே அனுப்பிவிடுவேன்.

பெயர்ப் பட்டியலில் 26 பேர் இருக்கிறார்கள். வழக்கமாக வருகிறவர்கள் பதினெட்டுப் பேர். சாமான் என்று பார்த்தால் இரண்டு பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டு இயந்திரம், இரண்டு திரை, எட்டுக் கண்ட்ரோலர். அந்தக் கண்ட்ரோலருக்குள்ளே, பொத்தான்களின் கீழ் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மின்சுற்றுப் பலகையோடு அழுத்திப் பிடிக்க ஒரு நுரைப்பஞ்சுத் துண்டு இருக்கும். விரல் நகத்தைவிடச் சிறியது. நாள்பட அது அமுங்கிப்போனால் தொடாத பொத்தான் தானாக வேலை செய்யும், தொட்ட பொத்தான் வேலை செய்யாது. புதிது வாங்க வசதியில்லாததால் ஒட்டுநாடாவை நான்காக மடித்து அந்தப் பஞ்சின் மேல் வைத்து மூடுகிறேன். இந்த வேலை இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தெரியும். டிக்கோயாவிலிருந்து அண்ணனோடு வரும் ஒரு சிறுமி என்னைவிடத் துப்புரவாகச் செய்கிறாள். கழற்றிய வரிசைப்படி திருகாணிகளை மேசையில் அடுக்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள்.

வீட்டிலிருந்தே இணையத்தில் விளையாடக்கூடாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். டெக்கெனில் ஒரு வினாடி 60 சட்டகங்களாக, அதாவது அடுத்தடுத்த 60 படங்களாக, ஓடுகிறது. மிக வேகமான குத்து பத்துச் சட்டகத்தில் வந்து விழும். அதாவது ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு. எதிராளியின் எந்த அடியைத் தடுத்தால் அந்தக் குத்தை இறக்க நேரம் கிடைக்கும் என்பதைத்தான் மாதக்கணக்கில் பழகுகிறோம். மழை பிடித்துக்கொண்ட மலையில் கைத்தொலைபேசி டேட்டாவை நம்பி இதைப் பழக முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து தோற்று, "அண்ணா, இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேட்டால்தான் கைக்கு வரும். எங்களிடம் இப்போது நன்றாக விளையாடும் நால்வரும் அப்படித்தான் வந்தார்கள்.

ஆளுக்கு நூறு ரூபாய் வாங்குகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் வர்த்தமானி வந்தபோதுகூட, அந்த முழுச் சம்பளத்தையும் மாதம் முழுக்க வாங்கிய வீடுகள் எத்தனை என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இல்லாதவனிடம் கேட்பதில்லை. மாதம் ஆறாயிரம் சேர்ந்தால் பெரிது. வாடகையும் மின் கட்டணமும் பதினோராயிரம். மீதியைக் கடை தாங்குகிறது.

சிக்கல் 2024 ஜனவரியில் தொடங்கியது. டெக்கென் 8 வந்தது. அது பிளேஸ்டேஷன் 4இல் ஓடாது. போட்டிகள் எல்லாம் புதிய பாகத்துக்கு மாறிவிட்டன, நாங்கள் பழையதிலேயே நிற்கிறோம். பிளேஸ்டேஷன் 5 ஒன்றுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு பேச வந்தது. அவர்களுக்குப் பின்னால் அனுசரணை கொடுக்கும் கம்பனிகள் இருக்கின்றன. நால்வரையும் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டு மாத ஊக்கத்தொகை தருவார்களாம். ஜேர்சி, கொழும்புப் பயணச் செலவு, ஒரு பிளேஸ்டேஷன் 5 ஆகியவையும் உண்டு. பதிலுக்கு அறைக்கு அவர்கள் பெயர் வைக்க வேண்டும். எங்கள் முகநூல் பக்கத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நால்வரும் மட்டும் பயிற்சி செய்ய வேண்டும், மற்றவர்களுக்கு வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு வேறு நாள் ஏது?

நான் தயங்குவதற்கு ஒரு பழைய காயமும் காரணம். 2021இல் வேறொரு அமைப்பு எங்களிடம் வந்தது. அறையில் பழகிய ஐந்து பையன்கள் வீட்டில் பப்ஜி மொபைலும் விளையாடுவார்கள், அதில் கெட்டிக்காரர்கள். ஐவரையும் சேர்த்துக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள், பெயர் பொறித்த ஜேர்சி கொடுத்தார்கள். நான்கு மாதம் காசு வந்தது. 2022 தொடக்கத்தில் நாடு கவிழ ஆரம்பித்தபோது காசும் நின்றது, தொலைபேசியை எடுக்கவும் ஆளில்லை. மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில் நான் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஐவரில் ஒருவன்கூட அறைப் பக்கம் திரும்பி வரவில்லை. அவர்கள்தான் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். ஒரு வருடம் அறை பாதி காலியாகக் கிடந்தது.

மறுபக்கம் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த டெக்கென் ஆட்டக்காரர் அர்ஸ்லான் ஆஷை நினைத்துக்கொள்கிறேன். 2019 பெப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஈவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியில் யாரும் அறியாத ஒருவராக வந்து டெக்கென் 7ஐ வென்றார். ஓகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவிலும் வென்றார். தன் ஊரில் தன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார். கொரியாவின் "நீ" (Knee) என்கிற புனைபெயர் கொண்ட பெரிய ஆட்டக்காரர் அதைப் பார்க்க லாகூருக்கே போனார். அங்கே வளர்த்துவிட்டது கம்பனி இல்லை. தெருவில் இருந்த விளையாட்டுக் கடைகளில் ஒருவரையொருவர் அடித்துப் பழகியதுதான்.

என் கேள்வி இதுதான். அனுசரணையோடு வரும் அமைப்புகளால் எங்கேயாவது ஒரு விளையாட்டு வட்டம் வளர்ந்திருக்கிறதா, அல்லது வளர்ந்திருப்பதை எடுத்துக்கொண்டு போவதுதான் அவர்கள் வேலையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பண்டாரவளை ரயில்:

மல்லியப்பு அண்ணா, உங்கள் அறையைப் பற்றி வாசிக்க மனம் நிறைந்தது. ஆனால் உங்களோடு ஓர் இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன் ஆவேன்.

பாடசாலை நாட்களில் பண்டாரவளையில் ஒரு கணினிக் கடையில் மணிக்கணக்கில் டோட்டா 2 விளையாடினேன். அப்பா தோட்டத்து ஸ்டோரில் வேலை. கொழும்பில் ஒரு சுற்றுப்போட்டி என்றால் இரவு ரயில், அங்கே ஒரு நாள் சாப்பாடு, தங்க ஓர் இடம். இந்த மூன்றையும் கூட்டினால் எங்கள் வீட்டில் அந்த மாதம் கணக்கு உதைக்கும். ஒரு சிறிய அமைப்பு என்னைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் நான் முதன்முதலாகக் கொழும்பில் மேடை ஏறினேன். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டை என் கையில் தந்தபோது அதை அம்மாவிடம் காட்டி, "இது விளையாட்டுக்குக் கிடைத்தது" என்று சொன்னேன். நம்பவில்லை. டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பயணத்தில் அறிமுகமானவர்கள் மூலம்தான் இன்று வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அந்த அமைப்பு பிறகு கலைந்துபோனது உண்மை. எனக்குத் திறந்த கதவு திறந்ததுதான்.

அர்ஸ்லான் ஆஷ் விஷயத்திலும் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஃபுகுவோகா மேடையில் அவர் பெயருக்கு முன்னால் ஓர் அமைப்பின் பெயரும் இருந்தது. லாகூர் கடைகள் அவருக்குக் கையைக் கொடுத்தன, சரி. விமானச் சீட்டு யார் கொடுத்தது? விசாவுக்கும் பயணத்துக்கும் அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹட்டனிலிருந்து ஒரு பிள்ளை இந்தியாவுக்குப் போய் விளையாட வேண்டுமென்றாலும் யாரோ காசு கட்டத்தான் வேண்டும். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் ஏழு மின்விளையாட்டுகளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அந்த அளவுக்குப் போய்விட்ட ஒரு துறையில், ஞாயிற்றுக்கிழமை நூறு ரூபாய் சேர்த்து எத்தனை நாள் நிற்க முடியும்?

ஆகவே மறுக்காதீர்கள், பேரம் பேசுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு வரும் சிறு கடைக்காரர்களிடம் நான் கேட்பதையே உங்களிடமும் கேட்கிறேன். அந்த பிளேஸ்டேஷன் 5 யார் பெயரில் வருகிறது? இரவலா, கொடையா? அவர்கள் விலக எத்தனை நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும், பையன்கள் விலக எத்தனை நாள்? இரண்டும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். முகநூல் பக்கத்தின் கடவுச்சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம். ஐந்து வருடத்துப் படங்கள் அதில் இருக்கின்றன.

---

செங்கிளையர் டீச்சர், தலவாக்கலை:

தம்பி, எனக்கு டெக்கென் தெரியாது. என் மகன் விளையாடும்போது எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் 22 வருடமாகத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், விளையாட்டுக் கழகங்கள் தோன்றி மறைவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் டிவிஷனில் கரப்பந்தாட்டக் கழகம் ஒன்று இருந்தது. ஒருமுறை ஒரு வியாபார நிறுவனம் அனுசரணை கொடுத்தது. பன்னிரண்டு ஜேர்சி வந்தது, முதுகில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தது. பரிசளிப்புக்குப் பந்தல் போட்டார்கள், பாட்டுப் பெட்டி வைத்தார்கள். எல்லாம் முடிந்து அடுத்த வாரம் பிள்ளைகள் மைதானத்துக்குப் போனபோது பந்து தையல் விட்டுக் கிடந்தது, வலையின் ஒரு பக்கம் அறுந்திருந்தது. ஒருவர்கூடப் பந்து கேட்டிருக்கவில்லை, கொடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் பந்தில் பெயர் எழுதினால் படத்தில் தெரியாது. அந்த ஜேர்சிகளை இன்றும் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் குளிருக்கு உள்ளே போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். துணி நல்ல துணி.

உங்கள் கடிதத்தில் அந்த நால்வரைவிட எனக்கு அந்தத் திருகாணி அடுக்கும் பிள்ளைதான் கண்ணில் நிற்கிறாள். அவள் எப்படி வருகிறாள்? அண்ணன் கூட இருக்கிறான், கீழே கடை திறந்திருக்கிறது, உங்களைத் தாய் தகப்பனுக்குத் தெரியும், நான்கு மணிக்குப் பஸ் ஏற்றிவிடுவீர்கள். இதனால்தான் அந்தத் தாய் அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை நான்கு பையன்கள் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்கிற அறையாக அது மாறினால், அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். அவள் நின்றுவிட்டதை அந்த அமைப்பு எந்தக் கணக்கிலும் எழுதாது. உங்களுக்கு மட்டும் தெரியும்.

மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அதற்கு வீட்டுக்கு வீடு பணம் சேர்ப்போம். ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் கட்டுகிறவர்கள் எங்கே பழகினார்கள்? ஐந்து வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர்கள், பத்து வயதில் தப்பு மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள், அப்படியே வந்தவர்கள். சிறுவர்களை ஒதுக்கிவிட்டு நன்றாக ஆடுகிறவர்களுக்கு மட்டும் பயிற்சி வைத்திருந்தால் இரண்டு தலைமுறையில் நின்றுபோயிருக்கும்.

அனுசரணை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், எங்களுக்குக் காசின் அருமை தெரியும். ஆனால் அந்த பிளேஸ்டேஷன் 5க்காகத்தான் இவ்வளவும் என்றால், தம்பி, சீட்டுப் பிடியுங்கள். இருபது பேர், மாதம் ஆயிரம், பத்து மாதம். இரண்டு இலட்சம். இந்த முறை சீட்டை யாரும் எடுக்காமல் அறைக்கு விடுங்கள். 26 பேரில் பிள்ளைகளை விட்டுவிட்டு, முன்பு அங்கே விளையாடிவிட்டு இப்போது உழைக்கிறவர்களைக் கேளுங்கள். நான் ஒரு பங்கு போடுகிறேன்.

---

பேராதனை விடுதி:

வரலாறு கேட்டதால் சுருக்கமாக இரண்டு மூன்று. கொரியாவில் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பெரிய கம்பனிகளும் அணிகள் வைத்து ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்கான புரோலீக் தொடரைப் பதினான்கு வருடம் நடத்தின. சம்பளம், விடுதி, பயிற்சியாளர் எல்லாம் இருந்தது. அந்த அளவுக்கு எந்தத் தனி வட்டத்தாலும் வளர்த்திருக்க முடியாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2016 ஒக்டோபரில் லீக் முடிந்தது என்று அறிவித்தார்கள். பல அணிகள் அதோடு கலைந்தன. அமெரிக்காவின் டிஎஸ்எம் என்ற மின்விளையாட்டு அமைப்பு 2021இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்தோடு 210 மில்லியன் டொலருக்குப் பத்து வருட ஒப்பந்தம் செய்து பெயரையே மாற்றிக்கொண்டது. 2022 நவம்பரில் அந்த நிறுவனம் வங்குரோத்தானது, பத்து வருடம் பதினெட்டு மாதத்தைத் தாண்டவில்லை.

மறுபுறம் 2001இல் வந்த ஸ்மாஷ் மெலி என்ற சண்டை விளையாட்டு. அதைச் செய்த நிறுவனத்திடமிருந்து ஆதரவு கிடைத்ததைவிட இடைஞ்சல்தான் அதிகம். 2013இல் ஈவோவில் மீதமிருந்த ஓர் இடத்துக்கு மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நன்கொடை சேர்க்கும் போட்டி வைத்தபோது மெலி ரசிகர்கள் 94,683 டொலர் சேர்த்து அந்த இடத்தைப் பிடித்தார்கள். அதாவது சீட்டுதான், டீச்சர். இன்றும் விளையாடுகிறார்கள். ஈவோவே 1996இல் கலிபோர்னியாவில் சுமார் நாற்பது பேரோடு தொடங்கியது. உங்கள் பட்டியலில் 26 பேர் இருக்கிறார்கள்.

---

புறக்கோட்டை 5ஆம் குறுக்கு:

மல்லியப்பு அண்ணா, நான் யார் என்று எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்த ஐவரில் ஒருவன்.

நாங்கள் திரும்பி வராததற்கு உங்கள் மீது கோபம் என்று நினைத்திருப்பீர்கள் போலிருக்கிறது. அப்படி இல்லை. முதல் மாதக் காசு வந்ததும் நான் தவணைக்கு ஒரு கைத்தொலைபேசி எடுத்தேன். பழையது சூடாகி நடுப்போட்டியில் நின்றுவிடும், அமைப்பில் இருந்தவர்களும் நல்லது ஒன்று வாங்கு என்றார்கள். பன்னிரண்டு மாதத் தவணை. நான்கு மாதம் அவர்கள் காசில் கட்டினேன். மிச்ச எட்டு மாதத்தை அம்மா கட்டினார். ஒவ்வொரு மாதமும் சம்பளத் துண்டை மடித்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு என்னோடு ஹட்டனுக்கு வருவார், கடையில் காசைக் கொடுத்துவிட்டு ரசீதை என் கையில் தருவார். ஒரு வார்த்தை திட்டவில்லை. உங்கள் கடைக்கு எதிர்ப்புறமாகத்தான் நடந்து போவோம். மேலே சத்தம் கேட்கும். அம்மாவைக் கீழே நிறுத்திவிட்டு நான் எப்படி மேலே வருவது?

தவணை முடிந்த மாதமே கொழும்புக்கு வந்துவிட்டேன். இங்கே துணிக்கடையில் நிற்கிறேன். மற்ற நால்வரில் இருவர் என்னோடுதான் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

அந்த நால்வருக்கும் என் சார்பில் ஒன்று சொல்லுங்கள் அண்ணா. ஊக்கத்தொகை வந்தால் வாங்கிக்கொள்ளட்டும், அதை நம்பி எதையும் தவணைக்கு எடுக்க வேண்டாம். முடிந்தால் அதைக் கையில் கொடுக்காமல் பஸ் காசாகவும் போட்டிக் கட்டணமாகவும் கொடுக்கச் சொல்லுங்கள். டீச்சரின் சீட்டில் எங்கள் மூவருக்கும் பங்கு எழுதுங்கள்.

---

மல்லியப்பு, ஹட்டன்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது, கடைசியாக வந்த கடிதத்தை வாசித்த பிறகு உடனே எழுத முடியவில்லை. அந்த வீதியில் அம்மாவும் மகனும் போனதை நான் பார்த்திருப்பேன். கடை வேலையில் தலையைக் குனிந்துகொண்டிருந்திருப்பேன்.

பண்டாரவளைத் தம்பி சொன்னபடி ஒப்பந்தத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அவர்கள் விலக முப்பது நாள், பையன்கள் விலக ஆறு மாதம் என்று இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5 "பாவனைக்கு" என்றுதான் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை வாசித்தபோது இரண்டும் என் கண்ணில் படவில்லை, படம் மட்டும்தான் தெரிந்தது.

நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். நால்வரின் பயிற்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றுகிறேன், வாடகையில் அந்த நாளுக்கான பங்கை அவர்கள் கொடுக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். விலகும் காலத்தை இரு பக்கத்துக்கும் இரண்டு மாதமாக்கச் சம்மதம். ஊக்கத்தொகையைப் பயணச் செலவாகவும் போட்டிக் கட்டணமாகவும் மாற்றவும் தடையில்லையாம். பேசியவர் மரியாதையான பிள்ளை, தானும் மாத்தளையில் இப்படி ஓர் அறையில் வளர்ந்தவன் என்றார். ஆனால் அறையின் பெயரையும் முகநூல் பக்கத்தையும் பற்றிக் கேட்டதும், அனுசரணை கொடுக்கிறவர்கள் அதற்குத்தான் காசு தருகிறார்கள், மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். அவர் மீது குற்றமில்லை. அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

அந்த இரண்டையும் நான் விடப்போவதில்லை. சுவரில் அவர்கள் பதாகையைத் தொங்கவிடலாம், நால்வர் ஜேர்சி போடலாம், நான் சந்தோஷமாகப் படம் எடுத்துக் கொடுப்பேன். அறை அறையாகவே இருக்க வேண்டும். மறுத்துவிட்டார்கள் என்றால் நால்வரில் யாராவது தனியாக அவர்களோடு சேர விரும்பினாலும் தடுக்கமாட்டேன், பண்டாரவளைத் தம்பியின் டிக்கெட் என் மனதில் இருக்கிறது. வீட்டாரை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

சீட்டுக்கு நேற்று இரவு வரைக்கும் பதினொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். டீச்சர், உங்கள் பெயர்தான் முதலாவது. கட்டாரில் இருக்கும் ஒருவர் இரண்டு பங்கு கேட்டார், ஒன்றுதான் கொடுத்தேன். இன்னும் ஒன்பது பேர் வேண்டும். அந்த அமைப்பு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் சீட்டு நடக்கும், அவர்கள் தரும் இயந்திரம் இரவல்தானே.

தம்பி, புறக்கோட்டை. தீபாவளிக்கு மூவரும் ஊருக்கு வருவீர்கள் அல்லவா? அம்மாவையும் மேலே கூட்டிக்கொண்டு வா, நாற்காலி இருக்கிறது. மேசை இழுப்பறையில் உன் கண்ட்ரோலர் அப்படியே கிடந்தது. நேற்றுத் திறந்து பார்த்தேன், பஞ்சு முழுக்க அமுங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறுமியிடம் கொடுக்கிறேன்.